கீற்று மேகமும் விமானத்தின் எரிபொருள் கணக்கும்

பள்ளி இயற்பியலில் வரிச்சீர் ஓட்டம், சுழற்சி ஓட்டம் என்று படித்திருப்பீர்கள். மார்க்குக்காக மனப்பாடம் செய்து மறந்தும் இருப்பீர்கள். பல வருடம் அதை நடத்தியவன் என்பதால் எனக்கு மறக்கவில்லை.

உயரத்தில் சீராகப் பறக்கும் பயணிகள் ஜெட்டைப் பின்னுக்கு இழுக்கும் விசையில் ஏறத்தாழ பாதி, அதன் மேற்பரப்பில் காற்று உராய்வதால் வருவது. இறக்கையை ஒட்டி ஓடும் காற்றை வரிச்சீராகவே வைத்திருந்தால் உராய்வு வெகுவாகக் குறையும், எரிபொருளும் மிச்சமாகும்.

அமெரிக்காவின் நார்த்ராப் நிறுவனம் இதற்காகவே எக்ஸ்-21ஏ என்ற விமானத்தைச் செய்து 1963இல் பறக்கவிட்டது. அதன் பின்னால் இருந்த மூளை, சுவிட்சர்லாந்தில் பிறந்த வெர்னர் ஃபென்னிங்கர். இறக்கையில் மெல்லிய பிளவுகள் அறுத்து, ஒட்டிய காற்றை உள்ளே உறிஞ்சினார்கள். தெளிந்த வானத்தில் பலித்தது. ஆனால் கீற்று மேகத்துக்குள் நுழைந்தால் வரிச்சீர் ஓட்டம் காணாமல் போனது. வெளியே வந்ததும் திரும்பியது!

நாம் கீழிருந்து பார்த்தால் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போலத் தெரியும் மேகம்தான் அது. உள்ளே இருப்பதெல்லாம் பனிப் படிகங்கள். ஒவ்வொரு படிகமும் இறக்கையை ஒட்டிய காற்றுப் படலத்துக்குள் பாயும்போது தன் பின்னால் சிறு சுழிகளை விட்டுச் செல்கிறது. அந்தச் சுழி போதும், படலம் கலங்கிவிடும்.

அப்படியானால் திட்டமே வீணா? அதற்கு, விமானங்கள் மேகத்துக்குள் எவ்வளவு நேரம் பறக்கின்றன என்று தெரிய வேண்டும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருள் சிக்கனம் எல்லாருக்கும் கவலையான காலத்தில், விடை வேறொரு பக்கமிருந்து கிடைத்தது. வளிமண்டலத்தை ஆராய நாசா, வழக்கமான சேவையில் ஓடிய 747 விமானங்களில் கருவிகளைப் பொருத்தி 1975 முதல் 1979 வரை அளந்திருந்தது. மேகத்தில் கழிந்தது சுமார் 6 சதவீத நேரம்தான். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இது. புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, பொறுமையாக எண்ணிப் பார்த்ததுதான்.

1980களில் நாசா, ஜெட்ஸ்டார் என்ற சிறு விமானத்தைப் பல ஊர்களுக்கு விமான சேவை போலவே ஓட்டிச் சோதித்தது. மேகத்தில் போனது, வெளியே வந்ததும் மீண்டது. தாழப் பறக்கும்போது இறக்கை முனையில் அப்பும் பூச்சிகள்தான் இன்னொரு தொல்லை. மேகம் கடந்துவிடும், பூச்சி ஒட்டிக்கொண்டே வரும். அதற்கு மறைப்புத் தகடு வைத்துப் பார்த்தார்கள்.

பின்னாளில் போயிங் 787-9இன் வால் பகுதியில் இந்த உறிஞ்சும் முறை வந்தது. இறக்கைக்கு இன்னும் வரவில்லை.