பவளத் தொட்டியும் ஓடும் தண்ணீரும்: ஒரு பில்டரின் கதை

கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர், நாலைந்து பவளங்கள், ஒரு ஜோடி கோமாளி மீன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று பல வீடுகளின் வரவேற்பறையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஆனால் இதற்கு எந்த பில்டர் சரி, தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்ற இரண்டு சின்னக் கேள்விகளுக்கு விடை கிடைக்க ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் ஆனது. அதற்குள் செத்துப்போன பவளங்களுக்குக் கணக்கே கிடையாது. இதில் வேடிக்கை, விடையில் பாதி ஆரம்பத்திலேயே ஒரு வீட்டில் தினமும் நடந்துகொண்டிருந்தது என்பதுதான்.

அந்த வீடு லண்டனில் இருந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் துணைத் தலைமைக் குருவான ஜான் தைனின் மனைவி ஆனா தைன், 1846ல் டார்க்கீ கடற்கரைக்குப் போனபோது சில கல் பவளங்களை உயிரோடு ஊருக்கு எடுத்து வந்தார். வெப்பக் கடல்களில் பாறை கட்டும் வகையல்ல அவை, இங்கிலாந்தின் குளிர்ந்த கடலில் தனித்தனியாக வாழும் சிறிய வகை. ஊசி நூலால் அவற்றை ஒரு பெரிய கடற்பஞ்சின் மேல் தைத்து வைத்தார், எல்லாப் பக்கமும் தண்ணீர் படட்டும் என்று! லண்டனில் கடல் ஏது? இருந்த உப்புத் தண்ணீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டியிருந்தது. எனவே வீட்டு வேலைக்காரப் பெண் தினமும் அரை மணிக்கு மேல் திறந்த ஜன்னல் முன் நின்று, டீக்கடையில் டீ ஆற்றுவது போல அந்தத் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். பிறகு ஆனா கடற்பாசியும் சேர்த்தார். பவளங்கள் ஏறத்தாழ மூன்று வருடம் வாழ்ந்தன. உலகின் முதல் பவளத் தொட்டி பம்ப் அந்தப் பெண்ணின் இரண்டு கைகள்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பவளம் செடியல்ல, விலங்கு. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு வாழும் விலங்கு. இரை தேடி அதனால் போக முடியாது, தன் கழிவை விட்டு விலகவும் முடியாது. ஆக்சிஜனையும் உணவையும் தண்ணீர்தான் கொண்டுவந்து தர வேண்டும், கழிவையும் தண்ணீர்தான் எடுத்துப் போக வேண்டும். தண்ணீர் அசையாமல் நின்றால் பவளத்தின் தோலை ஒட்டி ஒரு மெல்லிய தேங்கிய படலம் உண்டாகிறது. சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் அது போதிய அளவு உள்ளே போகாது. ஜன்னலோரம் ஊற்றிய தண்ணீரில் இருந்த ரகசியம் காற்றும் அசைவும்.

ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது வேறொன்றை. 1850ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, செடி தரும் ஆக்சிஜனே மீனுக்குப் போதும், தண்ணீரை மாற்ற வேண்டாம் என்று காட்டினார். 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்காட்சிக் கூடம் திறந்தார்கள். அடுத்த வருடம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' புத்தகம் வந்தது. அப்புறம் என்ன, கடற்கரையெங்கும் வாளியும் கையுமாக ஜனங்கள். தேங்கி நின்ற தண்ணீர் நாறியது. தொட்டி மோகம் சில வருடங்களிலேயே வடிந்துவிட்டது.

இதில் புத்திசாலித்தனமாக யோசித்தவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். 1864ல் ஹாம்பர்க்கிலும் 1871ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் அவர் அமைத்த காட்சியகங்களில் தண்ணீர் நிற்கவே இல்லை. காட்சித் தொட்டிகளில் இருந்ததைப் போலப் பல மடங்கு தண்ணீரை வெளிச்சம் படாத ஒரு கிடங்கில் வைத்து, பம்ப் மூலம் ஓயாமல் சுற்ற விட்டார். இன்று தொட்டிக்குக் கீழே அலமாரியில் ஒளிந்திருக்கும் 'சம்ப்' அதே யோசனைதான். என்ன, நீராவி எஞ்சின் வைக்க எல்லோர் வீட்டிலும் இடமில்லையே!

இன்னொரு பாதி விடை மண்ணிலிருந்து வந்தது. கழிவுநீர் மணலில் ஊறி இறங்கும்போது அதிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது நுண்ணுயிர்கள் என்று 1877ல் பிரான்சில் ஷ்லோசிங், மன்ட்ஸ் இருவரும் காட்டினார்கள். ஆனால் இது வீட்டுத் தொட்டிக்கு வந்து சேர 1950கள் ஆகிவிட்டது. கூழாங்கல்லுக்குக் கீழே ஓட்டை போட்ட ஒரு தட்டு, காற்றுக் குழாய் வழியாகக் கல்லினூடே இழுக்கப்படும் தண்ணீர், கல்லெல்லாம் பாக்டீரியா. மலிவு, எளிமை. கடல் மீன்கள் பிழைத்தன. பவளங்கள் பிழைக்கவில்லை. நைட்ரேட் சேர்ந்துகொண்டே போனது, வெளிச்சமும் போதவில்லை, நீரோட்டமும் பலவீனம். அந்தக் காலத்துத் தொட்டிகளில் அலங்காரமாக இருந்தவை பிளீச்சிங் போட்டு வெளுத்த பவள எலும்புக்கூடுகள்!

1961ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் இந்தோனேசியாவின் லீ சின் எங் ஒரு கட்டுரை எழுதினார். பில்டரே வேண்டாம் என்றார். கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறைத் துண்டுகள், கடல் தண்ணீர், வெயில், கொஞ்சம் காற்றுக் குமிழி, அவ்வளவுதான். ஜகார்த்தாவில் அவருடைய பவளங்கள் நன்றாக வளர்ந்தன. பக்கத்திலேயே கடல் இருந்ததும் ஒரு வசதி. கடலை விட்டுத் தள்ளி இருந்தவர்களுக்குப் பாறை வந்து சேரும்போதே பாதி அழுகியிருக்கும். அதைத் தொட்டியில் போட்டால் என்ன ஆகும்? அதனால் இந்த முறை அங்கே எடுபடவில்லை.

அதற்கு மரியாதை தேடித் தந்தவர்கள் ஜெர்மானியர்கள். கடற்கரையில் அலை அடித்து நுரை ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரிலுள்ள கரிம அழுக்கு காற்றுக் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக வருகிறது. இதையே ஒரு குழாய்க்குள் நடத்தி நுரையை வெளியே தள்ளும் கருவி புரோட்டீன் ஸ்கிம்மர். பாறை, ஸ்கிம்மர், சுண்ணாம்புத் தெளிநீர், பலத்த நீரோட்டம் இவற்றைச் சேர்த்ததுதான் 'பெர்லின் முறை'. சுண்ணாம்பு நீரைப் பரப்பியவர் பீட்டர் வில்கென்ஸ். டீட்ரிச் ஸ்ட்யூபர் பெர்லினில் வளர்த்த கிளைப் பவளத்தின் துண்டுகள் கை மாறிக் கை மாறி எத்தனையோ நாட்டுத் தொட்டிகளுக்குப் போயின. (இந்தியாவில் இது நடக்காது. 2001 முதல் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டு உடைத்தாலும் குற்றம்.)

அமெரிக்கா இன்னொரு சுற்று சுற்றித்தான் அங்கே வந்தது. 1986ல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைத் தொடரால் பிளாஸ்டிக் பந்துகளின் மேல் தண்ணீர் சொட்டும் பில்டர் பிரபலமானது. அது அம்மோனியாவை அருமையாக மாற்றியது, ஆனால் நைட்ரேட்டோடு நின்றுவிட்டது. நுண்துளைகள் உள்ள பாறையின் உள்ளே ஆக்சிஜன் இல்லை. அங்கே வாழும் வேறு பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். பிளாஸ்டிக் பந்துக்கு அப்படி ஓர் உள்ளறை கிடையாது. 1990களில் பலரும் காசு கொடுத்து வாங்கிய பந்துகளைத் தாங்களே அள்ளி வெளியே போட்டார்கள்.

மிச்சமிருந்தது நீரோட்டம். பழைய பவர்ஹெட் தண்ணீரை மெல்லிய பீச்சலாக அடிக்கும். எதிரே இருக்கும் பவளத்தின் சதை கிழியும், பக்கத்தில் இருப்பது தேங்கிக் கிடக்கும். 2000களின் தொடக்கத்தில் வந்த விசிறி வகைப் பம்புகள் அதே மின்சாரத்தில் பல மடங்கு தண்ணீரை அகலமாக, மெதுவாகத் தள்ளின. 60 லிட்டர் தொட்டிக்கு மென்பவளம் என்றால் மணிக்கு 600 முதல் 1200 லிட்டர், கிளைப் பவளம் என்றால் அதற்கும் மேல் என்பது பொதுவான கணக்கு. இவ்வளவு சின்னத் தொட்டிக்கு ஸ்கிம்மர் கட்டாயமில்லை. நல்ல பாறையும், வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுவதும் போதும். தொங்கவிடும் சிறு பில்டர் வைத்தால் அதன் பஞ்சை வாராவாரம் அலச வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அழுக்கு மூட்டையாகிவிடும். பம்பைப் பவளத்தை நோக்கி வைக்காமல், கண்ணாடியில் மோதித் திரும்பும்படி வைப்பது வழக்கம்.