மைசூர் உருக்கும் சவரக் கத்தியும்

முடி களைவது குறித்துத் திருவள்ளுவரே 280ஆம் குறளில் பேசியிருக்கிறார். புறக்கோலத்தினும் ஒழுக்கமே பெரிது என்பது அவர் கருத்து. ஆயின், அக்கோலத்தைத் தரும் கத்திக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி, நாம் குடியேறி வாழும் இக்கன்னட நாட்டோடு தொடர்புடையது.

தமிழில் உருக்கு என்பதும் கன்னடத்தில் உக்கு என்பதும் ஒரு பொருளே. ‘ஊட்ஸ்’ என்னும் ஆங்கிலப் பெயர் உக்கு என்பதன் திரிபே என்பர். தென்னாட்டுக் கொல்லர், தேனிரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில் இட்டு, ஆவிரைச் சுள்ளியும் பச்சிலையும் சேர்த்து, வாயை மண்ணால் பூசி, துருத்தி ஊதி உருக்கினர். அத்தழையின் கரி இரும்பில் ஏறியது. நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு கரி ஏறியதும் இரும்பு உருக்காயிற்று. 1800இல் மைசூர் நாட்டைச் சுற்றி வந்த புக்கானன் இம்முறையைப் பதிவு செய்துள்ளார். சென்னபட்டணத்தில் இசைக்கருவிகளுக்கு எஃகு நரம்பு இழுக்கப்பட்டதையும் அவர் குறித்துள்ளார்.

1794இல் பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலெனஸ் ஸ்காட் இவ்வுருக்கின் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். மறு ஆண்டே ஜார்ஜ் பியர்சன் அதனை ஆராய்ந்து இராயல் சொசைட்டிக்குக் கட்டுரை அளித்தார். மிகுந்த சூட்டில் அடித்தால் நொறுங்கும் இயல்புடைய அவ்வுருக்கை, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் இலண்டன் கத்தி வினைஞர் வசப்படுத்தினார். தாம் செய்யும் சவரக் கத்திகள் இந்திய உருக்கால் ஆனவை என்றும், ஐரோப்பாவின் சிறந்த எஃகினும் அதனையே விரும்புவதாகவும் தம் வணிக அட்டையில் அச்சிட்டார். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே அவரோடு கூடி எஃகுக் கலவைகளை ஆராய்ந்து, 1820லும் 1822லும் கட்டுரைகள் வெளியிட்டார். அந்த எஃகில் செய்த சவரக் கத்திகளை நண்பர்க்குப் பரிசாகவும் அளித்தார்.

நல்ல உருக்கு மட்டும் போதாது. புதுக் கத்தியைப் பதப்படுத்தவும் வேண்டும். கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே கல்லில் படியுமாறு கிடத்தி, வாய் முன்செல்லத் தீட்டுவர். முதலில் சொரசொரப்பான கல், பின்னர் மழமழப்பான கல். அடுத்துத் தோல் வாரில், முதுகு முன்செல்ல இழுப்பர். வாய் முன்சென்றால் தோலும் அறுபடும், கூரும் மழுங்கும். புதிதாகப் பழகுவோர் வெந்நீரால் முகத்தை நனைத்து, நுரை பூசி, தோலை இழுத்துப் பிடித்து, முப்பது பாகைச் சாய்வில், மயிர் வளர்ந்த போக்கிலேயே மழிக்க வேண்டும். முதலில் கன்னம், மோவாயும் மேலுதடும் கை பழகிய பின்னரே. மழித்தபின் ஈரம் துடைக்காத கத்தி துருப்பிடிக்கும்.

இத்தனை நுட்பமும் அறிந்திருந்தவர் நம் ஊர் நாவிதர். கட்டியைக் கீறிப் புண்ணை ஆற்றியவரும் அவரே. பிள்ளைப் பேறு பார்த்தவர் அவர் மனைவியே. மருத்துவர் என்னும் பெயர் அவர்க்கு வீணே வந்ததன்று. ஆயினும் சமூகம் அவரைத் தாழ்த்தியே வைத்தது. தன் கழுத்தை அவர் கத்திக்கு நம்பிக் கொடுத்தவனே அவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தினான்.

1903இல் ஜில்லெட்டின் மாற்று அலகு விற்பனைக்கு வந்தது. இன்று சலூன்களில் நோய்த்தொற்றுக்கு அஞ்சி ஆளுக்கொரு புதிய அலகு மாற்றுகின்றனர், அது நன்றே. ஆயின் கல்லும் வாரும் மறையும்போது, அவற்றை ஆண்ட கைகளின் அறிவும் மறைகிறது. உருக்கிய கொல்லர் பெயரும் தீட்டிய நாவிதர் பெயரும் எந்த வணிக அட்டையிலும் இல்லை. அவர்தம் கலையை நம் பிள்ளைகளுக்கு மதிப்போடு எடுத்துரைப்பது நம் கடனாகும்.