பாரும் பார்கோடும்

கடல் உயிரியலில் ஆராய்ச்சி செய்யும் என் சித்தி மகள் போன வருஷம் ஒரு எக்செல் ஷீட்டை அனுப்பி, "கொஞ்சம் சரி பண்ணித் தாங்கண்ணே" என்றாள். முந்நூறு வரி. தூத்துக்குடியில் சேகரித்த சிப்பி, சங்கு, மீன்களின் டிஎன்ஏ பார்கோடு விவரங்கள். 'இடம்' என்ற கட்டத்தில் ஒரே ஊர் தூத்துக்குடி, டூட்டிகோரின், டூட்டி, திரேஸ்புரம் என்று நாலு வேஷத்தில் இருந்தது. அதைச் சரிசெய்வது அரைமணி நேர வேலை. "இதெல்லாம் கடல்ல எங்க கிடைச்சது?" என்று கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டோம்.

"கரையில வாங்கினதுண்ணே. எங்க எடுத்தீங்கன்னு கேக்கத் தோணல."

2003இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டின் குழு முன்வைத்த யோசனை இது. விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படித்தால் போதும், பெரும்பாலும் இனத்தைச் சொல்லிவிடலாம். தலை வெட்டிய சுறாவோ, காய்ந்த கடல் அட்டையோ, எதுவானாலும். ஆனால் படித்ததை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நூலகம் வேண்டுமே. போல்டு, ஜென்பேங்க் போன்ற தரவுத்தளங்கள்தான் அந்த நூலகம். அங்கே அட்டை மாற்றி ஒட்டிய புத்தகங்களும் உண்டு, அட்டையே இல்லாதவையும் உண்டு.

முத்துக்குளித்துறையில் 'எங்கே' என்ற கேள்வி புதுசு இல்லை. சிப்பி படியும் கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்பார்கள். (பார்கோடுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ரெண்டு நாள் இதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.) தொளாயிரம் பார் என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பிரிட்டிஷ் அரசு குளிப்பை அறிவிக்கும் முன் பார் பார்க்க ஆள் அனுப்பும். எந்தப் பார், எத்தனை பாகம் ஆழம், ஒரு முக்குளிப்புக்கு எத்தனை சிப்பி, அதற்கு என்ன வயசு என்றெல்லாம் எழுதி வைப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்கி மதிப்புப் போடுவார்கள். தேறினால்தான் குளிப்பு. முத்து சர்க்கார் கணக்குக்குப் போனது. ஓடு கரையில் குவிந்தது.

ஓட்டை யாரும் பார்ப் பெயரோடு எடுத்து வைக்காததன் வலி இப்போதுதான் தெரிகிறது. 1928க்குப் பிறகு 1955 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. 1955இல் சிப்பி திரும்பி வந்தது. 1961இல் கடைசிக் குளிப்பு. அதன்பின் இன்றுவரை இல்லை. அந்த 1955 சிப்பிகள் எங்கேயிருந்து வந்தன? முத்துச்சிப்பியின் குஞ்சு மூன்று வாரம் போல நீரோட்டத்தில் மிதக்கும். இலங்கைப் பக்கத்துப் பார்களிலிருந்து மிதந்து வந்தவையா, இங்கேயே எங்கோ மிஞ்சியவற்றின் வாரிசுகளா? இதற்குப் பார்கோடு மட்டும் போதாது, மரபணுவை இன்னும் விரிவாகப் படிக்க வேண்டும். பழைய ஓட்டிலிருந்தும் டிஎன்ஏ எடுக்க முடிகிற காலம் இது. எடுக்கத்தான் ஓடு இல்லை.

பெயர்க் குழப்பம் வேறு. ஹெர்ட்மனும் ஹார்னெலும் 1903 முதல் வெளியிட்ட மன்னார் வளைகுடா அறிக்கையில் அந்தச் சிப்பி 'மார்கரிட்டிஃபெரா வல்காரிஸ்'. 1973இல் தூத்துக்குடி பக்கத்து வேப்பலோடையில் அழகர்சுவாமி வளர்ப்பு முத்து எடுத்தபோது அதுவே 'பிங்க்டாடா ஃபுகாட்டா'. இதுவும் இம்ப்ரிகாட்டாவும் ரேடியாட்டாவும் ஒரே இனமா, தனித்தனியா என்ற சண்டை வேறு. மென்பொருள்காரனுக்குப் பழகிய வியாதிதான் இது: மாறக்கூடிய பெயரையே பிரைமரி கீயாக வைத்த டேபிள். இதற்குப் போல்டு 2013இல் ஒரு வைத்தியம் கண்டது. எழுத்துகள் ஒத்துப்போகும் மாதிரிகளை ஒரு கொத்தாக்கி, கொத்துக்கு ஒரு எண். பெயர் மாறினாலும் எண்ணைப் பிடித்துத் தேடலாம். நல்ல டிசைன் என்றே சொல்வேன்.

இடத்துக்கு அப்படி வைத்தியம் கிடையாது. ஜென்பேங்க்கில் பார்கோடு முத்திரை பெற 500 எழுத்தாவது வேண்டும், சான்று மாதிரியின் விவரம் வேண்டும், நாட்டின் பெயர் வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் நல்லது, அவ்வளவுதான். 'இந்தியா' என்று போட்டாலே கதவு திறந்துவிடும். 2022இல் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் சர்வர் எந்த ஊரில் இருந்தாலும் காலிக் கட்டம் காலிக் கட்டம்தானே? நூறு வருஷம் முன்னால் பாரின் பெயரை எழுதிவிட்டு ஓட்டைத் தொலைத்தார்கள். நாம் ஓட்டின் எழுத்தை எல்லாம் படித்துவிட்டுப் பாரின் பெயரைத் தொலைக்கிறோம்.

போன மாதம் அவள் மறுபடி திரேஸ்புரம் போனாள். சங்கு குளிக்கப் போகும் ஒரு பெரியவரிடம் கேட்டிருக்கிறாள். "இதக் கேக்க இத்தன நாளாம்மா?" என்று சிரித்துவிட்டு, பார்ப் பெயர், எத்தனை பாகம் ஆழம், கரையில் எந்த அடையாளத்தை வைத்துப் போகணும், எல்லாம் சொன்னாராம். ஷீட்டில் 'பார்' என்று புதுக் கட்டம் சேர்த்துக் கொடுத்தேன். பழைய முந்நூறு வரியிலும் அது காலி. புதிதாக வந்த பதினேழு வரியில் நிரம்பியிருக்கிறது.