ஆற்றுச் சீட்டும் முன்பணமும்

கெலாங் பாத்தாவுக்கு வடக்கே கங்கார் பூலாய் என்றோர் ஊர் உண்டு. ‘கங்கார்’ என்பது தியோச்சியூ சீனர் ஆற்றங்கரைப் படகுத்துறைக் குடியேற்றத்திற்கு வழங்கிய பெயர். அப்பெயருக்குள் ஒரு வணிக உறவின் வரலாறு அடங்கியிருக்கிறது.

1844ஆம் ஆண்டு முதல் ஜொகூர்த் தெமெங்கோங் இப்ராகிம், ஆற்றுப் பகுதிகளைத் திறந்து பயிரிடச் ‘சூராட் சுங்கை’ எனும் ஆற்றுச் சீட்டுகளை வழங்கினார். சீட்டைப் பெற்றவன் காங்சூ, அதாவது ஆற்றுத் தலைவன். மிளகும் கம்பீரும் அங்கே இணைபிரியாப் பயிர்கள். கம்பீர் இலையைக் கொதிக்கவைத்துச் சாறெடுத்தபின் எஞ்சிய சக்கையே மிளகுக் கொடிக்கு எரு.

மிளகு காய்க்க ஏறத்தாழ மூன்றாண்டு ஆகும். அதுவரை அரிசிக்கு வழி? சிங்கப்பூர்த் தௌக்கே முன்பணமும் பண்டமும் தந்தான். அதற்கு ஈடாக விளைச்சல் முழுவதும் அவனிடமே வந்தாக வேண்டும். விளைபொருளுக்குச் சந்தையினும் குறைந்த விலை. அரிசிக்கோ கூடிய விலை. ஒரே கணக்கேட்டில் இரு முனையிலும் இலாபம்! அபின், சாராயம், சூது ஆகியவற்றின் உரிமையும் காங்சூவின் கையிலிருந்தமையால், உழவனின் எஞ்சிய காசும் அவ்வழியே கரைந்தது.

ஆயினும் தௌக்கேயின் பக்கமும் ஒரு வழக்கு உண்டு. கடன்பட்டவன் இறக்கலாம்; காட்டுவழியே ஓடிவிடலாம்; அயல்நாட்டில் விலை சரியலாம். அந்த இழப்பை யார் தாங்குவது? முதல் போட்டவன் கூடுதல் பங்கு கேட்பதை நான் முற்றாகக் குறைகூற மாட்டேன். ஆனால் விலையையும் கணக்கையும் ஒருவனே வைத்துக்கொண்டதுதான் மனத்தாங்கலின் வேர். தன் உழைப்பின் மதிப்பை ஒப்பிட்டறிய உழவனுக்கு வேறொரு வணிகன் இல்லை. 1867இல் சிங்கப்பூர் வணிகர் கம்பீர், மிளகுச் சங்கம் அமைத்தனர். ஒன்றுகூடும் வலிமை வாங்குவோர் பக்கமே முதலில் திரண்டது. 1873இல் அரசு காங்சூக்களுக்குச் சட்டம் வகுத்தது. கடன் உறவு தொடர்ந்தது.

நம் தோட்டத்துக் கங்காணி முறையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஆளுக்கிவ்வளவு எனத் தலைக்காசு பெற்றவனும், முன்பணக் கடனோடு கப்பலேறியவனும் ஒரே ஊரார், சிலவேளை உறவினர். அந்த உறவே கணக்குக் கேட்கும் வாயை அடைத்தது.

மண் சத்திழந்தது, ரப்பர் வந்தது. 1917இல் சட்டமியற்றிக் காங்சூ உரிமைகள் நீக்கப்பட்டன. ஆற்றுத் தலைவன் மறைந்தான்; சிறுதோட்டக்காரனின் ரப்பர்த் தகட்டை நிறுத்து விலைசொல்லும் கடைக்காரன், அரிசியைக் கடனாகத் தந்தபடி, அவ்விடத்தில் வந்தமர்ந்தான்.