எலியின் இமையும் மனிதனின் சொல்லும்: ஒரு பக்கவிளைவின் வரலாறு

தேவதானப்பட்டிப் பக்கம் 'மருந்து' என்கிற சொல்லுக்கு மூன்று புழக்கங்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் வாங்குவது மருந்து. மாந்தோப்பில் பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. புத்தி பேதலித்து நிற்கிறவனைப் பார்த்து 'யாரோ மருந்து வச்சுட்டாங்க' என்பார்களே, அந்த இடுமருந்தும் மருந்துதான். குணமாக்குவது, கொல்வது, மனசைக் கலைப்பது மூன்றையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கும் இந்த வழக்கை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. நவீன மருந்தியலும் இதே இடத்துக்கு வந்துசேர வேண்டியிருந்தது. அதுவும் நம் மண்ணின் வேர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு.

சர்ப்பகந்தி பாம்புக்கடிக்கும் பைத்தியத்துக்கும் தலைமுறைகளாகக் கொடுக்கப்பட்டுவந்த வேர். பீகாரில் அதற்குப் 'பைத்திய மருந்து' என்றே பெயர். 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அது மனக்கொந்தளிப்பை அடக்குவதையும் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் எழுதினார்கள். மேற்கு அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், 50 நோயாளிகளிடம் கண்டதை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்ட பிறகே கவனம் திரும்பியது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. 1954-இல் நேதன் கிளைன் அதை நியூயார்க் மனநல மருத்துவமனை ஒன்றின் நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதினார்.

விலங்குகளில் சோதிக்கப்படாமல் வந்த மருந்தல்ல இது. ரெசர்பின் கொடுத்த விலங்கு அசையாமல் ஒடுங்கியது. அந்த ஒடுக்கத்தை 'அமைதி' என்று வாசித்தார்கள். இரத்த அழுத்தத்துக்காக அதே மருந்தை விழுங்கிய மனிதர்களோ வேறொன்றைச் சொன்னார்கள். நீண்டகாலம் அதிக அளவில் எடுத்துக்கொண்டவர்களிடம் கடும் மனச்சோர்வு தென்பட்டதை 1954-இலேயே எட்வர்ட் ஃப்ரைஸ் பதிவுசெய்தார். வெளியிலிருந்து பார்த்தால் சாந்தம், உள்ளிருப்பவனுக்கு இருட்டு. இரண்டையும் பிரித்துக்காட்ட விலங்கிடம் மொழி இல்லை.

அடுத்து நடந்தது இன்னும் விசித்திரம். பக்கவிளைவே ஆய்வுக்கூடத்தின் கருவியாகிவிட்டது. ரெசர்பின் மூளையின் செரோடோனினைக் காலிசெய்வது 1955-இல் தெரியவந்தது. 1957-இல் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினால் முடங்கிய விலங்குகளை எல்-டோபா கொடுத்து நடமாடவைத்தார். பார்க்கின்சன் நோய்ச் சிகிச்சைக்கு அது வழிதிறந்தது. 2000-இல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்னொரு பக்கம், ரெசர்பினால் இமை சரிந்த எலிக்குப் புதிய மருந்தைக் கொடுத்து, இமை மேலெழுந்தால் அதை மனச்சோர்வு மருந்தாகலாம் என்று தேர்ந்தெடுக்கும் முறை பரவியது. துயரத்தை இமையின் உயரத்தால் அளந்தார்கள்.

இன்றைய விதிகளும் இந்த மரபில் வந்தவைதான். 1968-இல் சாமுவேல் இர்வின் சுண்டெலியின் நடத்தையைப் படிப்படியாகக் குறித்துவைக்கும் முறையை வகுத்தார். 2000-ஆம் ஆண்டின் சர்வதேச நெறிமுறை, மனிதருக்குக் கொடுக்கும் முன் இயக்கம், நடத்தை, ஒத்திசைவு, அனிச்சைச் செயல்கள், உடல்வெப்பம் ஆகியவற்றில் மருந்தின் பாதிப்பைப் பார்க்கச் சொல்கிறது. இவை வேண்டாதவை என்று வாதிடுவது என் நோக்கமல்ல. வலிப்பையும் தள்ளாட்டத்தையும் முன்கூட்டியே காட்டி இவை உயிர்களைக் காக்கின்றன. ஆனால் எண்ணக்கூடியதை மட்டுமே விளைவு என்று ஏற்கும் பழக்கம், எண்ண முடியாததை இல்லாததாக்கிவிடுகிறது.

ரெசர்பின்தான் மனச்சோர்வுக்குக் காரணமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. முன்பே மனச்சோர்வு கண்டவர்களுக்குத்தான் அது வந்தது, அளவு கூடிப்போனதால்தான் வந்தது என்றெல்லாம் பின்னர் எழுதப்பட்டது. இருக்கலாம். தொடக்கத்திலேயே முறையாகக் கேட்டிருந்தால் இத்தனை ஆண்டு இழுபறி எதற்கு? அரை நூற்றாண்டுக்குப் பிறகும் கதை மாறவில்லை. உடல்பருமனைக் குறைக்க ஐரோப்பாவில் 2006-இல் அனுமதிக்கப்பட்ட ரிமோனபான்ட், மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கண்டதால் 2008-இல் அங்கே நிறுத்தப்பட்டது. இந்தியா 2009-இல் தடைசெய்தது.

கேட்பது என்றால் யாரைக் கேட்பது? ரிஸ்பெரிடோன் என்ற மருந்தை இந்திய மையங்களில், கடும் மேனியாவில் இருந்த 290 பேரிடம் மூன்று வாரம் சோதித்த ஆய்வு 2005-இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குக் கொடுக்கப்பட்டது மருந்தில்லாத வெற்று மாத்திரை. பயன்தரும் மருந்துகள் ஏற்கெனவே இருக்கும்போது இது எதற்கு, அந்த நிலையில் இருப்பவர் தரும் ஒப்புதல் எப்படி ஒப்புதலாகும் என்று இந்தியாவிலிருந்தே எதிர்க்கேள்விகள் எழுந்தன. இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். சோதனைக்கு ஒப்புக்கொள்ளும்போது அவருடைய சொல் செல்லுபடியாகிறது. 'மாத்திரை போட்டதிலிருந்து மனசு ஒரு மாதிரியா இருக்கு' என்று அவர் சொன்னால், 'அது உங்க வியாதி' என்கிறார்கள். ஒரே வாய், ஒரு சொல் ஆவணம், இன்னொன்று நோய்க்குறி.

2010-இல் மருந்துப் பாதிப்புகளைத் திரட்டும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. நோயாளியே புகார் எழுதப் படிவமும் வந்தது. படிவம் வந்தால் போதாது. கை நடுக்கத்தைப் போலவே மனசின் நடுக்கத்தையும், சொல்கிறவரின் வார்த்தையிலேயே, அவர் பேச்சுவழக்கிலேயே குறித்துக்கொள்ள மருத்துவம் பழகவேண்டும். அதுவரை சோதனை முடிந்தது என்று எவரும் கையெழுத்துப் போட உரிமையில்லை.