நெய்யூரிலிருந்து லீவில் போனவர்

டாக்டர் சாமர்வெல் என்றதும் தமிழில் வாசிக்கிற நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜெயமோகனின் ‘ஓலைச்சிலுவை’தான். ‘அறம்’ தொகுப்பை வாசித்த யாரும் அந்த வெள்ளைக்கார டாக்டரை மறந்திருக்க முடியாது. கதைக்கு வெளியே, பேச்சுவழக்கில் ஒரு வரலாறும் உலவுகிறது. எவரெஸ்ட் ஏற வந்தவர், திரும்பும் வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரியில் கூடிக்கிடந்த நோயாளிகளைப் பார்த்தார், மனசு மாறி மலையை உதறிவிட்டு இங்கேயே தங்கிவிட்டார் என்று.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லை. அவர் எவரெஸ்டுக்குப் போனது இரண்டு முறை. 1922இல் ஒருமுறை, 1924இல் ஒருமுறை. நெய்யூரில் வேலைக்குச் சேர்ந்தது 1923இல். அதாவது அவருடைய பெரிய மலையேற்றம் நெய்யூருக்குப் பிறகு நடந்தது. ஆஸ்பத்திரியில் லீவு போட்டுவிட்டு எவரெஸ்ட் ஏறப்போன ஒரு டாக்டர்! துறவிக் கதையைவிட இது எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது.

தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் 1890 ஏப்ரல் 16 அன்று வடமேற்கு இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தார். குடும்பத்துக்குச் செருப்புத் தொழில். ‘கே ஷூஸ்’ அவர்களுடையதுதான். பக்தியான வீடு, பக்கத்திலேயே ஏரி மாவட்டத்தின் குன்றுகள். கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பு, பிறகு லண்டனில் மருத்துவம். படிப்பு முடிந்த கையோடு முதல் உலகப்போர் அவரைப் பிரான்சுக்கு இழுத்துக்கொண்டது.

1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் காணாமல்போனவர்களும் சேர்ந்து 57,470 பேர். அதில் 19,240 பேர் உயிரிழந்தவர்கள். முன்னணிக்குப் பின்னால் இருந்த ஒரு சிகிச்சை முகாமில் சாமர்வெல் கத்தி பிடித்துக்கொண்டிருந்தார். ஏக்கர் கணக்கில் வெட்டவெளியில் ஸ்ட்ரெச்சர்கள். சர்ஜன்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அடுத்து யாரை மேஜையில் ஏற்றுவது என்று அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்துபோய் முடிவெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்படாதவன் சாவான், அது அவனுக்கும் தெரியும். “எனக்கு முதலில் பாருங்கள்” என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை என்பதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. போர் முடிந்தபோது அவர் போர் எதிர்ப்பாளராகியிருந்தார்.

1922இல் எவரெஸ்ட் அணியில் இடம் கிடைத்தது. மே 21 அன்று மாலரி, நார்ட்டன், சாமர்வெல் மூவரும் ஆக்ஸிஜன் இல்லாமல் 8,225 மீட்டர் வரை ஏறினார்கள். மனிதர்கள் 8,000 மீட்டரைத் தாண்டியது அதுதான் முதல்முறை. அத்தோடு இறங்கியிருக்கலாம். ஜூன் தொடக்கத்தில் புதுப்பனி கொட்டிக்கிடந்த வடக்குக் கணவாய்ச் சரிவில் இன்னொரு முயற்சிக்குக் கிளம்பினார்கள். ஜூன் 7 அன்று பனி சரிந்தது. சுமைதூக்கிகளில் ஒன்பது பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். இரண்டு பேரைத் தோண்டி எடுத்துக் காப்பாற்றினார்கள், ஏழு பேர் போய்விட்டார்கள். வெள்ளைக்காரர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஷெர்பாக்களும் போட்டியாக்களும் மட்டும் செத்ததில் சாமர்வெல் உடைந்துபோனார். எங்களில் ஒருவனாவது அவர்களோடு செத்திருக்கக் கூடாதா என்ற அவமானத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மலையேற்ற வரலாறுகளில் இதை நல்ல உள்ளத்தின் வருத்தமாக ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். சோம் முகாமோடு சேர்த்து வாசித்தால் இது வேறு மாதிரி தெரிகிறது. அங்கே யார் பிழைப்பது என்பதை அவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இங்கே யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. யார் சுமக்கிறவன், யார் ஏறுகிறவன் என்று முன்பே பிரித்து வைத்திருந்த ஏற்பாடு அந்த வேலையைச் செய்துவிட்டது.

அந்த மனநிலையோடுதான் அவர் இந்தியாவைச் சுற்றிப்பார்க்கத் தெற்கே வந்தார். நெய்யூர் அன்று தென் திருவிதாங்கூர். இரணியலுக்குப் பக்கத்துச் சின்ன ஊர். லண்டன் மிஷனைச் சேர்ந்த ராம்சே 1838இல் அங்கே வைத்தியம் தொடங்கியிருந்தார். 1922இல் போனபோது டாக்டர் பியூ கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக, தீராத கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாமர்வெல் சில நாட்கள் கூடநின்று அறுவைகள் செய்தார். மறுபடியும் அதே வரிசை, அதே சர்ஜன் பற்றாக்குறை. ஊருக்குப் போனால் தான் படித்த லண்டன் ஆஸ்பத்திரியிலேயே நல்ல பதவி காத்திருந்தது. அதை வேண்டாமென்றுவிட்டு மறுவருடம் நெய்யூருக்கே வந்துவிட்டார்.

1924இல் எவரெஸ்ட் அழைத்தது. போனார். அங்கே முதலில் நடந்தது ஒரு மீட்பு. அதே வடக்குக் கணவாய் முகாமில் நான்கு சுமைதூக்கிகள் இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். மாலரியும் நார்ட்டனும் கீழே கயிறு பிடிக்க, சாமர்வெல் சரிவைக் குறுக்கே கடந்தார். கயிறு சில மீட்டர் எட்டவில்லை. இரண்டு பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். மற்ற இருவர் வழுக்கி, விளிம்புக்குச் சற்று முன்னால் எப்படியோ நின்றார்கள். சாமர்வெல் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். பனிக்கோடரியைக் குத்தி நிறுத்தி, கயிற்றை அதில் சுற்றி, அதன் நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையை எட்டி அவர்களைப் பிடரியோடு பிடித்து இழுத்தார். அந்த மலையில் அவர் செய்தவற்றில் ஏறிய உயரத்தைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

ஜூன் 4 அன்று நார்ட்டனோடு உச்சிக்குக் கிளம்பினார், இம்முறையும் ஆக்ஸிஜன் இல்லாமல். வறண்ட குளிர்க்காற்று தொண்டையை நாசம் பண்ணியிருந்தது. 8,500 மீட்டரை ஒட்டிய உயரத்தில், நீ போ என்று நார்ட்டனை அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் நார்ட்டன் போவதைப் படமெடுத்தார், புகழ்பெற்ற படம் அது. நார்ட்டன் 8,570 மீட்டர்வரை போய்த் திரும்பினார். இறங்கும்போது சாமர்வெல்லின் தொண்டை முழுதாக அடைத்துக்கொண்டது. மூச்சு இல்லை, குரலும் இல்லை. முன்னால் போன நார்ட்டன், ஆள் ஏதோ படம் வரைய நின்றுவிட்டார் என்று நினைத்தாராம்! இவர் சாகத் தயாராகப் பனியில் உட்கார்ந்து, கடைசியாக இரு கைகளாலும் நெஞ்சை அழுத்தித் தள்ளினார். உறைபனியில் செத்துப்போயிருந்த தொண்டைச் சவ்வு பிய்ந்து வெளியே வந்தது, மூச்சும் வந்தது. அவருடைய கோடாக் கேமராவைத்தான் மாலரி கடைசி ஏற்றத்துக்கு எடுத்துப்போனார். மாலரியின் உடல் 1999இல் கிடைத்தபோது அவரிடம் கேமரா இல்லை.

பிறகு நெய்யூர்.

தென் திருவிதாங்கூரில் அன்று வயித்துவலி என்றால் சும்மா வலி இல்லை. முன்சிறுகுடலில் புண் வந்து, ஆறி, தழும்பு இறுகி, வழி அடைத்துவிடும். தின்றது உள்ளே போகாமல் ஆள் வற்றிச் சாவான். இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் புதிதாக ஒரு வழி திறந்துவிடும் அறுவையைச் சாமர்வெல்லும் அவருடைய சகா டாக்டர் ஓரும் ஆயிரக்கணக்கானோருக்குச் செய்தார்கள், அதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதவும் செய்தார்கள். ஏன் இங்கே மட்டும் இவ்வளவு? சந்தேகம் உணவின் மேல் விழுந்தது. விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் பஞ்சத்துக்கு மாற்றாகப் பரப்பிய மரச்சீனிதான் ஏழைகளின் சாப்பாடு. குன்னூரில் மெக்கரிசன் திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நிறைய எலிகளுக்கு வயிற்றில் புண் வந்தது.

1980களில் மார்ஷலும் வாரனும் பெரும்பாலான இரைப்பை, குடல் புண்களுக்கு ஒரு பாக்டீரியாவைக் காரணமாகக் காட்டினார்கள், 2005இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். இன்று மாத்திரையில் தீர்ந்துவிடுகிற நோய்க்குத்தான் அத்தனை கத்திவேலை. அதனால் அந்த வேலை சிறிதாகிவிடுகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோயாளி மேஜையில் கிடந்தது 1930இல்.

மதத்தையும் சொல்லியாக வேண்டும். லண்டன் மிஷன் தர்ம சத்திரம் அல்ல. மதம் பரப்ப வந்த அமைப்பு. சாமர்வெல் அதை மறைத்தவரும் அல்ல. நோயாளியிடம் கிறிஸ்துவைப் பேசுவது தன் வேலையின் பகுதி என்றே கருதினார். அவரைப் பொதுவான ‘மனிதநேயர்’ ஆக்கி ஜெபத்தை வெட்டிவிடுகிறவர்களும், ஜெபத்தை மட்டும் வைத்துக்கொண்டு மலையை மறந்துவிடுகிறவர்களும் பாதி ஆளைத்தான் வைத்திருக்கிறார்கள். 1925இல் மார்கரெட் ஹோப் சிம்ப்சனைக் கல்யாணம் செய்துகொண்டார், மூன்று மகன்கள். மறுவருடமே, 1926இல், ரட்லெட்ஜோடு நந்தாதேவிப் பக்கம் சுற்றப் போய்விட்டார். போன இடமெல்லாம் வரைந்தார். திபெத்தியப் பாட்டுகளைக் காதால் கேட்டு ஸ்வரப்படுத்தி, 1922 பயணத்தின் படத்துக்கு இசை அமைத்துக்கொடுத்தார். லீவு, குடும்பம், தூரிகை, தேவாலயம், அறுவை மேஜை எல்லாம் ஒரே ஆளுக்குள் சண்டை போடாமல் இருந்திருக்கின்றன. எதையோ துறந்தால்தான் பெரியவர் என்று நம்பிப் பழகிய நமக்குத்தான் இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நெய்யூரில் இரண்டு பதிற்றாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த பிறகு, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961வரை அறுவை மருத்துவம் கற்பித்தார். எழுபது தாண்டித்தான் இங்கிலாந்து போனார். அங்கேயும் சும்மா இருக்கவிடவில்லை, ஆல்பைன் கிளப் தலைவராக்கிவிட்டார்கள். 1975 ஜனவரி 23 அன்று, சிறுவயதில் ஏறிய அதே ஏரி மாவட்டக் குன்றுகளுக்கு நடுவே, ஆம்பிள்சைடில் இறந்தார்.

நெய்யூர் ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், காரக்கோணத்தில், அவர் பேரில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.