வெறிநாய்க்கடி: கசௌலி முதல் குன்னூர் வரை

புதுவைக்கு வடக்கே, மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் அமைந்த சிற்றூர் பெரிய முதலியார்சாவடி. 1906-ஆம் ஆண்டு அவ்வூரார் ஒருவரை வெறிநாய் கடித்திருக்குமாயின் அவர் கதி என்னவாகியிருக்கும்? உயிர் காக்கும் மருந்து தென்னிந்தியாவில் எங்குமே இல்லை. இமயமலைச் சாரலிலுள்ள கசௌலிக்குச் செல்ல வேண்டும். அங்குப் போய்ச் சேரும் வரை நோய் காத்திருக்கவும் வேண்டும்.

இந்நோய் மிகப் பழமையானது. 1037-இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு சீனா, தம் ‘கானூன்’ நூலில் வெறிநாயின் அடையாளங்களையும், கடியுண்டவர் தண்ணீரைக் கண்டு அஞ்சுவதையும் விவரித்துள்ளார். ஆயினும் மருந்து பிறக்க 1885 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பாரிஸில் லூயி பாஸ்டர் தடுப்பூசி இட்டார், சிறுவன் பிழைத்தான். நாயின் உமிழ்நீரிலுள்ள கிருமி நரம்பு வழியே ஊர்ந்து மூளையை எட்டப் பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்த இடைவேளையே மருத்துவத்திற்குக் கிடைத்த அவகாசம். நோய்க்குறி தோன்றிவிட்டாலோ மீள்வது மிக மிக அரிது.

கசௌலியில் பாஸ்டர் நிலையம் 1900-இல் தொடங்கிற்று. 1902-இல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்னும் பெண்மணி தென்னகத்தில் வெறிநாய்க்கடிக்கு ஆளாகி, கசௌலிச் சிகிச்சை உரிய காலத்தில் கிட்டாமல் மாண்டார். அச்சாவு அரசினரின் உள்ளத்தைத் தொட்டது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ், கர்சன் பிரபுவிடம் வழங்கியிருந்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் உதவிற்று. 1907 ஏப்ரல் 6-ஆம் நாள் நீலகிரியின் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் பணி தொடங்கியது.

1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள், விலங்கின் மூளையிலிருந்து புதியதொரு தடுப்பு மருந்தை ஆக்கினார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பெரியவர்கள் நடுங்கியது இதனைத்தான். எண்ணற்றோரைக் காத்த அம்மருந்து, சிலருக்கு வாத நோயையும் தந்தது. 2005-ஆம் ஆண்டு வாக்கில் இந்தியாவில் அது கைவிடப்பட்டது. இன்று உயிரணு வளர்ப்பில் செய்த மருந்து, சில தவணைகளாகக் கையில் போடப்படுகிறது.

மருந்து எளிதாகியும் நோய் ஒழியவில்லையே, ஏன்? மனிதனுக்கு ஊசி போட்டோம். நாயை மறந்தோம், அல்லது கொன்றோம். சென்னை மாநகராட்சி 1860 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. கொல்லப்பட்டவற்றின் இடத்தை வேறு நாய்கள் நிரப்பின, நோய் நின்றபாடில்லை. 1959-இல் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு நெடுங்காலம் வற்புறுத்தியதன் பயனாக, 1996-இல் கருத்தடையும் தடுப்பூசியும் கொண்ட திட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தது. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டு, அந்த அளவைத் தொடர்ந்து காத்துவந்தால் நோயின் சங்கிலி அறும் என்பது அறிஞர் முடிவு. கோவா இவ்வழி நின்று, 2018 முதல் மூன்றாண்டுகள் மனிதச் சாவு பதிவாகாத நிலையை எய்தியது.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் மடிவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நூற்றுக்கு 99 பேருக்கு நோய் வருவது நாயிடமிருந்தே. சந்தேகத்திற்குரிய நாயிடம் கடிபடுவோரில் பத்துக்கு நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறார். திட்டுக்கு அஞ்சிக் குழந்தை கடியை மறைப்பதுண்டு. கடித்தது சிறு குட்டிதானே என்று நாமும் விட்டுவிடுவதுண்டு. மிளகாய்ப்பொடியோ சுண்ணாம்போ அப்புவதும், ஓதிப் பார்த்துவிட்டு அதோடு அமைவதும் தகாது. சவக்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவி, அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும்.

1906-இல் கசௌலி எட்டாத தொலைவில் இருந்தது. இன்று அரசு மருத்துவமனையில் அம்மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. இனியும் ஒரு குழந்தை இந்நோய்க்குப் பலியாகுமானால், அதற்குத் தொலைவைக் காரணம் காட்ட நமக்கு உரிமையில்லை.